ஒருசந்தி நாட்கள், 2025

மார்ச் 4, செவ்வாய் இரவு

மாதா படத்துக்குப் பின்னால் செருகியிருந்த போன வருஷக் குருத்தோலையை ஞாயிறே கோயிலில் கொடுத்தாயிற்று. எரித்துச் சாம்பலாக்கியிருப்பார்கள். படுக்குமுன் ஃபேஸ்புக்கில் தம்பியின் பாப்பாவை ஒரு தடவை பார்த்தேன். கீழே ரெண்டு பல். தம்பி ஒன்றும் எழுதவில்லை, வெறும் படம்தான். பிறகு, நாளை தொடங்கும் தவக்காலம் ஈஸ்டரில் முடியும்வரை வேண்டாமென்று ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாவையும் போனிலிருந்து எடுத்துவிட்டேன்.

மார்ச் 5, திருநீற்றுப் புதன்

ஒருசந்தி, ஒரு வேளைதான் சாப்பாடு. தலைவலி. காபி இல்லாததாலா, மற்றது இல்லாததாலா?

மார்ச் 7, வெள்ளி

பாப்பரசர் பிரான்சிசுக்காக உரோமையில் செபமாலை சொல்லக் கூடியவர்களுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அவர் பேசி அனுப்பியதைப் போட்டுக் காட்டினார்களாம். டிவியில் வந்தது. அம்மாவுக்கு ஸ்பானிஷ் எங்கே புரியும்? "மூச்சு வாங்குது பாரு" என்றாள்.

சிலுவைப் பாதை செபத்தின் பதினான்கு நிலைகளில் ஒன்பதாவது வரை நன்றாகத்தான் இருந்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

பாலைவனத்தில் இயேசு சோதிக்கப்பட்ட வாசகம். உலகத்து அரசுகளையெல்லாம் அலகை, அதாவது சாத்தான், ஒரு நொடியில் காட்டியதாக நற்செய்தியில் லூக்கா எழுதியிருக்கிறார். ரீல்ஸ்காரன்தான் போல.

திருநீற்றுப் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின பெரிய சனி வரை எண்ணினால் 46 நாள். ஞாயிறு ஆறையும் கழித்தால்தான் 40. அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாமா? பூசை முடிந்ததும் பங்குச் சாமியிடமே கேட்டேன். சிரித்தார். "கணக்குப்படி பார்க்கலாம்மா."

பார்க்கவில்லை. நாளெல்லாம் எல்லார்மேலும் எரிந்து விழுந்தேன்.

மார்ச் 14

மேலேயும் பல் வந்திருக்கும்.

மார்ச் 16

விடியற்காலை எழுந்து இருட்டில் உட்காருகிறேன். அமைதி, அமைதி என்கிறார்களே, போனை வைத்ததும் முதலில் வந்து உட்கார்ந்தது அப்பா வீட்டுப் பத்திரம். செபமாலையில் இரண்டாவது பத்து மணிகளை உருட்டி முடிப்பதற்குள் தம்பியோடு வாதாட ஆரம்பித்துவிடுகிறேன். அன்று வாயில் வராத பதிலெல்லாம் இப்போது வரிசையாக வருகிறது, அதுவும் எவ்வளவு அழகாக! "அருள் நிறைந்த மரியே" என்று உதடு சொல்கிறது, உள்ளே நான் சாட்சி விசாரிக்கிறேன். முன்பெல்லாம் இந்த நேரத்தில் எவனோ ஒருவன் மீன்குழம்பு வைப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பத்திரம் அப்போதும் உள்ளேதான் இருந்திருக்கும். சத்தத்தில் கேட்கவில்லை.

டிவியை அணைத்துவிட்டு பைபிளைத் திறங்கள், போனை விட்டுவிட்டு நற்செய்தியோடு சேருங்கள் என்று 2020 திருநீற்றுப் புதனன்று சொன்னவர் இதே பாப்பரசர்தான். அதையும் நான் ஃபேஸ்புக்கில்தான் படித்தேன். சேர்ந்தபிறகு என்னென்ன கிளம்பி வரும் என்று அவரும் சொல்லவில்லை.

மார்ச் 23

பாப்பரசரை வீட்டுக்கு விட்டுவிட்டார்கள்! ஆஸ்பத்திரி மாடியில் வந்து நின்றார். முகம் வீங்கியிருந்தது. அந்த நிலையிலும் கூட்டத்தில் மஞ்சள் பூ வைத்திருந்த ஒரு அம்மாவைக் கவனித்துச் சொன்னாராம். அம்மாவுக்கு அதுவே போதும், ராத்திரி ரெண்டு இட்லி கூடச் சாப்பிட்டாள்.

மார்ச் 30

ஊதாரி மைந்தன் வாசகம், சொத்தை அழித்துவிட்டுத் திரும்பிய இளையவனைத் தகப்பன் விருந்து வைத்து ஏற்றுக்கொள்கிற கதை. பிரசங்கம் முழுக்கத் தகப்பனைப் பற்றியே. வெளியே கோபித்துக்கொண்டு நின்ற மூத்தவன் கடைசியில் உள்ளே போனானா இல்லையா, லூக்கா சொல்லவே இல்லை. சாமியும் அந்தப் பக்கம் போகவில்லை. சௌகரியம்தான். எனக்கும் பசி, வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 11

இன்று செபமாலையில் ஒரு பத்துமணி முழுக்கப் பாப்பாவுக்கு. பத்திரம் வரவில்லை. ஒரு பத்துமணிதான்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

மணி கிடையாது, மரக்கட்டையைத் தட்டினார்கள். சிலுவையை முத்தம் செய்யும்போது ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை.

ஏப்ரல் 20, பாஸ்கா (ஈஸ்டர்)

நள்ளிரவுப் பூசை முடிந்து வந்து, சேலைகூட மாற்றாமல் ஃபேஸ்புக்கைத் திரும்ப ஏற்றினேன். நேராகத் தம்பி பக்கம். அதே ரெண்டு பல் படம். மார்ச் 4. அதற்கப்புறம் அவன் ஒன்றுமே போடவில்லை.

அவன் அப்படி விடுகிறவனே இல்லை. சின்ன வயதில் தவக்காலத்துக்கு மிட்டாயை விடச் சொன்னால் அழுவான்.

ஏப்ரல் 21

பாப்பரசர் போய்விட்டார். நேற்று மாடத்தில் வந்து ஆசி கொடுத்தாரே! மத்தியானம் டிவியில் வந்தது. கோயிலில் துக்க மணி. அம்மா அழவில்லை. செபமாலையைக் கையில் எடுத்தவள் என்னைப் பார்த்து முதலில் கேட்டது, "தம்பிக்குச் சொல்லிட்டியா?"

நம்பர் இருக்கிறது. பாப்பா இந்நேரம் தூங்கும்.