தாத்தா வீட்டு வயரிங்: இதுவரை நடந்த வேலை

கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் தாத்தா வீட்டில் மின்சார வேலை பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. கூடம், சமையலறை, குளியலறை மூன்றும் புது லைனில் ஓடுகின்றன. மாடியும் கொல்லைப்புறமும் பாக்கி. இதே மாதிரி பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்பதால் எழுதி வைக்கிறேன்.

பழைய வீட்டுக்கு வயரிங் மாற்றுவது என்றாலே புது வயரும் பளபளப்பான சுவிட்சும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகின்றன. என் கணக்கில் அவை இரண்டாவது. எர்த்தும் ஆர்சிசிபியும்தான் முதல் செலவு. கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்குவது எர்த், கரண்ட் கசிந்தால் லைனையே வெட்டும் சுவிட்ச் ஆர்சிசிபி. கையில் பணம் குறைவாக இருந்தால் சுவிட்சைத் தள்ளிப் போடுங்கள், இந்த இரண்டையும் தள்ளிப் போடாதீர்கள். ஏன் என்று கீழே கணக்கோடு சொல்கிறேன்.

என்ன இருந்தது

சுவரில் தேக்கு ரீப்பர் அடித்து, அதன் மேல் தகரக் கிளிப்பில் வயரை ஓட்டியிருந்தார்கள். அந்தக் காலத்து வேலை நேர்த்திக்குக் குறையே சொல்ல முடியாது, ஒரு ரீப்பர்கூடக் கோணல் இல்லை. ரேழியில் ஒரு மரப்பலகை. அதில் பக்கவாட்டுக் கைப்பிடி வைத்த இரும்பு மெயின் சுவிட்ச், கீழே வரிசையாகப் பீங்கான் பியூஸ் கட்டைகள்.

அந்தப் பியூஸ் கட்டைகளைக் கழற்றிப் பார்த்தபோது கரண்ட் வரும் பேஸ், அது திரும்பிப் போகும் நியூட்ரல் இரண்டிலும் பியூஸ் இருந்தது. பழைய வீடுகளில் இப்படித்தான் போட்டார்கள். இதில் உள்ள ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. நியூட்ரல் பக்கத்துப் பியூஸ் மட்டும் போய்விட்டால் விளக்கு அணைந்துவிடும், ஃபேன் நின்றுவிடும். கரண்ட் இல்லை என்று நினைத்து ஹோல்டரில் கை வைப்போம். பேஸ் அங்கே முழு 230 வோல்ட்டோடு காத்திருக்கும். உங்கள் வீட்டிலும் இரட்டைப் பியூஸ் இருக்கிறதா என்று லைசென்ஸ் உள்ள ஒரு வயர்மேனைக் கூப்பிட்டு உடனே பார்த்துவிடுங்கள்.

வயரின் நிலைமை அதைவிட மோசம். கூடத்து விளக்குக்கு மேலே இருந்த வட்ட மரக்கட்டையைத் திறந்து, வயரை லேசாக வளைத்தேன். உறையாக இருந்த ரப்பர் மொறமொறவென்று உடைந்து கரித்தூளாகக் கொட்டியது. உள்ளே கம்பி வெள்ளி நிறம். அலுமினியமோ என்று சந்தேகப்பட்டுச் சுரண்டியபோது அடியில் செம்பு தெரிந்தது. ரப்பரில் கலக்கும் கந்தகம் செம்பை அரிக்கும் என்பதால் அக்காலத்தில் கம்பிக்கு வெள்ளீயம் பூசி, அதன் மேல் ரப்பர் போட்டார்கள். ஆட்டி அசைக்காத வரைக்கும் இந்த வயர் பல வருடம் ஓடிக்கொண்டிருக்கலாம். ஒரு ஃபேன் மாற்றப் போய்த் தொட்டால் அன்றைக்கே கம்பி வெளியே வந்துவிடும்.

எர்த் விஷயத்தில்தான் நெஞ்சு பதறியது. குளியலறையிலிருந்து ஒரு ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பியைக் கொண்டுபோய்த் தண்ணீர்க் குழாயில் சுற்றியிருந்தார்கள். குழாய் இரும்பாக இருந்த காலத்தில் அது ஓரளவு வேலை செய்திருக்கும். பிறகு பிவிசி குழாய் போட்டபோது எர்த்தும் போய்விட்டது, யாரும் கவனிக்கவில்லை. சமையலறையில் மூன்று பின் பிளக்கின் பின்னால் எர்த் முனைக்கும் நியூட்ரலுக்கும் நடுவே சின்னத் துண்டு வயர் ஒன்று. எர்த் இல்லாத வீட்டில் "எர்த் கொடுத்தாச்சு" என்று காட்ட இப்படிச் செய்வது உண்டு. நியூட்ரல் எங்காவது அறுந்தால், ஸ்விட்சில் போட்டிருக்கும் எந்தச் சாமானும் தன் வழியாகப் பேஸைத் திருப்பி அனுப்பிவிடும். கிரைண்டர், பிரிட்ஜ் எல்லாவற்றின் உடம்பிலும் கரண்ட் நிற்கும். எர்த்தே இல்லாமல் இருப்பதைவிட இது கொடிது. அந்தத் துண்டை அன்றே எடுக்கச் செய்தோம்.

எர்த் குழி

வேலையைப் பங்குனியில் ஆரம்பித்ததற்குக் காரணம் இதுதான். மண் நன்றாகக் காய்ந்திருக்கும்போது எர்த் ரெசிஸ்டன்ஸ், அதாவது கரண்ட் மண்ணுக்குள் இறங்குவதற்கு இருக்கும் தடை, அதிகமாகக் காட்டும். அப்போது எடுக்கும் அளவு சரியாக இருந்தால் மழைக்காலத்தில் இன்னும் நன்றாகவே இருக்கும். ஐப்பசியில் அளந்துவிட்டு நிம்மதியாக இருப்பதில் பொருள் இல்லை.

கிணற்றடிக்கு அருகே இரண்டரை மீட்டர் நீள ஜிஐ பைப் இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு, மேலே தண்ணீர் ஊற்ற புனல் வைத்து, சின்னத் தொட்டியும் மூடியும் கட்டினோம். டெல்டா களிமண் என்பதால் ஈரம் நன்றாகப் பிடிக்கும். எர்த் டெஸ்டரில் சுமார் மூன்று ஓம் காட்டியது.

இப்போது அந்தக் கணக்கு. வாஷிங் மெஷினின் உடம்பில் பேஸ் பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கரண்ட் நம் எர்த் குழி வழியாக இறங்கி, டிரான்ஸ்பார்மர் எர்த் வழியாகத் திரும்ப வேண்டும். இரண்டும் சேர்ந்து நான்கு ஓம் என்றால் 230-ஐ 4-ஆல் வகுக்க, 57 ஆம்பியர் சொச்சம். எம்சிபி என்பது கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச். 16 ஆம்பியர் சி வகை எம்சிபி உடனே விழ அதன் அளவைப் போல ஐந்து முதல் பத்து மடங்கு, அதாவது 80 முதல் 160 ஆம்பியர் வேண்டும். 57 ஆம்பியருக்கு அது சூடேறித்தான் விழும், அதற்குச் சில வினாடிகள் ஆகும். அந்த வினாடிகளில் ஈரக் கையோடு யாராவது மெஷினைத் தொட்டால்? நல்ல எர்த் குழி இருந்தும் எம்சிபி மட்டும் போதாது என்பது இதனால்தான்.

ஆர்சிசிபி வேறு வழியில் வேலை செய்கிறது. பேஸில் போன கரண்டும் நியூட்ரலில் திரும்பிய கரண்டும் ஒன்றுதானா என்று மட்டுமே பார்க்கும். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் மொத்த லைனையும் வெட்டிவிடும். ஆனால் லோடு அதிகமானாலோ ஷார்ட் ஆனாலோ அதற்குத் தெரியாது, அதற்கு எம்சிபி வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் பாதுகாப்பு முழுமை.

பைப் ஓட்டிய கதை

என் ஆசை சுவரைக் கொத்தி பைப்பை உள்ளே புதைப்பது. வயர்மேன் அண்ணன் சுவரில் விரலால் தட்டிப் பார்த்தார். "தம்பி, இது சுண்ணாம்புக் காரை. ஒரு இடத்துல கொத்துனா நாலு இடத்துல உதிரும். பைப்பை மேலேயே ஓட்டிடுவோம், நாளைக்கு ஏதாவது கோளாறுன்னாலும் பார்க்க லேசு." அவர் சொன்னதுதான் சரி. பழைய ரீப்பர் போன தடத்திலேயே பிவிசி பைப்பை ஓட்டினோம். கழற்றிய தேக்கு ரீப்பர்களைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன், அந்த மரம் இனி கிடைக்காது.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். வரைபடம், அளவு, கிளிப் அடிப்பது, வயர் இழுப்பது, ஒவ்வொரு வயரின் நுனியிலும் எண் ஒட்டுவது என் பொறுப்பு. இணைப்பு கொடுப்பது முழுக்க அண்ணன். மீட்டருக்கு முன்னால் இருப்பது ஈபிக்காரர்கள் வேலை, அதை நாங்கள் தொடவில்லை. மெயினை இறக்கிய பிறகும் டெஸ்டரை மட்டும் நம்பாமல் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்த பிறகே கை வைப்பார் அண்ணன். அந்தப் பழக்கம் எனக்கும் தொற்றிவிட்டது.

வயர் கணக்கு: விளக்கு, ஃபேனுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர், 10 ஆம்பியர் எம்சிபி. சமையலறைப் பிளக்குகளுக்கு 2.5, 16 ஆம்பியர். ஏசிக்கும் கீசருக்கும் தனித்தனியாக 4, 20 ஆம்பியர். எல்லா இடத்துக்கும் பச்சை எர்த் வயர் கூடவே போகிறது, வெறும் விளக்கு பாயின்ட்டுக்கும் விடவில்லை. கடையில் இன்னமும் 3/22, 7/20 என்று பழைய கணக்கில் கேட்பவர்கள் உண்டு. 22ஆம் கேஜ் கம்பி மூன்று சேர்ந்தது 3/22, ஏறத்தாழ 1.2 சதுர மில்லிமீட்டர்தான் வரும். அதை 1.5-க்குச் சமம் என்று எடுத்துக்கொள்ளாமல் சதுர மில்லிமீட்டரிலேயே கேட்டு வாங்குவது நல்லது.

ஆர்சிசிபியை ஒன்றோடு நிறுத்தாமல் இரண்டாகப் போட்டோம். குளியலறையில் ஏதாவது கசிந்து ஒன்று விழுந்தாலும் கூடத்து விளக்கும் பிரிட்ஜும் நிற்காது. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் ராத்திரி முழு இருட்டாவதே தனி ஆபத்து.

சாயங்காலம் மட்டும் விழுந்த ஆர்சிசிபி

புது லைன் கொடுத்த பிறகு பகல் முழுக்க ஒன்றும் இல்லை. பொழுது சாய்ந்ததும் ஆர்சிசிபி விழும். தூக்கி விட்டால் மறுபடி விழும். வயர் உறையில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கும் மெகரில் 500 வோல்ட் கொடுத்துப் பார்த்தால் புது வயர் எல்லாம் கச்சிதம். அப்புறம் ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பார்த்ததில் மாடிப்படி விளக்கில் வந்து நின்றது.

அது கீழேயும் மேலேயும் போட்டு அணைக்கக்கூடிய இருவழி சுவிட்ச். கீழ்ச் சுவிட்சுக்குப் பேஸ் புது லைனிலிருந்து போகிறது. விளக்கின் நியூட்ரலோ இன்னும் மாற்றாத மாடிப் பழைய லைனில் கட்டியிருந்தது. 60 வாட் குண்டு பல்பு இழுக்கும் சுமார் 260 மில்லி ஆம்பியரும் ஆர்சிசிபி வழியாகப் போகிறது, திரும்பி வருவது வேறு வழியில். அதன் கணக்கில் அத்தனையும் கசிவு. கீழிருந்தே தனி நியூட்ரல் இழுத்ததும் சரியாகிவிட்டது. பழைய வீட்டை ஒரே மூச்சில் மாற்றாமல் பகுதி பகுதியாக மாற்றுகிறவர்கள் முதலில் மாடிப்படி விளக்கைப் பாருங்கள். ஆர்சிசிபி சும்மா விழுகிறது என்று அதைக் கழற்றிவிட்ட வீடுகளில் பெரும்பாலும் இந்த மாதிரி இரவல் நியூட்ரலோ, எங்கோ எர்த்தைத் தொடும் நியூட்ரலோதான் இருக்கும். இரண்டாவது வகையென்றால் எம்சிபியை இறக்கினாலும் விழும், ஏனென்றால் ஒற்றை எம்சிபி பேஸை மட்டுமே வெட்டுகிறது.

அடுத்தது மாடி. அங்கே உத்திரத்துக்கும் மட்டப்பாவுக்கும் நடுவே வயர் எப்படிப் போகிறது என்று இன்னும் முழுதாகப் புரியவில்லை. கொல்லை மோட்டார் இப்போதைக்குப் பழைய லைனில்தான் ஓடுகிறது, ஆனால் புது எர்த்தை அதற்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டோம். ஐப்பசி அடைமழைக்கு முன்னால் மோட்டாருக்குத் தனி ஆர்சிசிபியும் மூடிய பெட்டியும் போட்டுவிட வேண்டும்.