நான்காம் தொகுதி

கல்வெட்டுகளை மை தடவித் தாளில் ஒற்றி மைப்படி எடுக்கும் வேலைக்கு நான் சேர்ந்த முதல் வருடம் அது. காவிரிக் கரையில் ஒரு சிறிய கோயில். அதிட்டானத்தில், அதாவது அடிப்பீடத்தில் இருந்த கல்வெட்டில் பாதியைச் சுண்ணாம்பு மூடியிருந்தது, வெயிலும் ஏறிவிட்டது. அந்தக் கல்வெட்டு ஏற்கெனவே ஒரு பழைய நூலில் அச்சாகியிருந்ததால், கண்ணுக்குத் தெரியாத வரியை அதிலிருந்து பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டேன். மாலையில் சார் என் நோட்டைப் புரட்டினார். விரல் ஒரு சொல்லில் நின்றது.

"தம்பி, இந்த வேலி கல்லுல இருக்கா, புத்தகத்துல இருக்கா?"

பதில் சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் காலையில் சுண்ணாம்பைச் சுரண்டி, பிரஷ்ஷால் கழுவிப் பார்த்தால் கல்லில் இருந்தது 'மா'. நில அளவில் இருபது மா ஒரு வேலி. ஒரே சொல்லில் கோயில் நிலத்தை இருபது மடங்காக்கியிருந்தேன். சார் திட்டவில்லை. அன்று ராத்திரி கோயில் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு ஒரு ஜெர்மன்காரரைப் பற்றிப் பேசினார். ரோமானிய வரலாற்றை எழுதிய தியோடோர் மொம்சன் என்பவரின் பெயரை நான் கேட்டது அன்றுதான்.

மொம்சன் வரலாறு படித்து வந்தவர் இல்லை. 1817-இல், இன்று ஜெர்மனியில் இருக்கும் ஷ்லெஸ்விக் பகுதியின் கார்டிங் என்ற ஊரில் ஒரு பாதிரியாருக்குப் பிறந்தார். கீல் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து 1843-இல் முனைவரானார். ஷ்லெஸ்விக் அப்போது டென்மார்க் அரசரின் ஆட்சியில் இருந்ததால், டென்மார்க் கொடுத்த உதவித்தொகையில் 1844-இல் இத்தாலிப் பக்கம் புறப்பட்டார். ரோமானியச் சட்டத்தைக் கல்வெட்டுகளில் தேடப் போனவரைக் கல்வெட்டே பிடித்துக்கொண்டது. சான் மரினோவில் பார்த்தொலொமேயோ போர்கேசி என்ற முதிய அறிஞரைச் சந்தித்ததுதான் திருப்பம். கல்வெட்டு படிப்பதில் அவரையே தன் குருவாக மொம்சன் கருதினார்.

அதுவரை லத்தீன் கல்வெட்டுத் தொகுப்புகள் பெரும்பாலும் ஒன்றைப் பார்த்து இன்னொன்று என்று வளர்ந்தவை. ஒருவர் செய்த பிழை அடுத்தவர் நூலில் ஆதாரமாகிவிடும். நான் நோட்டில் செய்த அதே வேலைதான், மூன்று நூற்றாண்டு அளவில். போதாக்குறைக்கு 16-ஆம் நூற்றாண்டின் பிர்ரோ லிகோரியோ போன்றவர்கள் இல்லாத கல்வெட்டுகளையே எழுதிச் சேர்த்திருந்தார்கள். மொம்சன் தென் இத்தாலியில் நேப்பிள்ஸ் அரசின் ஊர்களில் அலைந்து, எட்டிய கல்லையெல்லாம் நேரில் பார்த்துப் படித்தார். கல் கிடைக்காதபோது அதைப் பிரதி எடுத்தவரை விசாரித்தார், சட்டம் படித்தவர் அல்லவா! ஒருவர் ஓர் இடத்தில் புனைந்தது தெரிந்துவிட்டால், அவர் மட்டுமே சொன்ன மற்றக் கல்வெட்டுகளும் சந்தேகத்துக்கு உரியவை. பொய்ச்சாட்சிக்கு நீதிமன்றத்தில் கிடைக்கும் மரியாதைதான். இந்தக் கண்டிப்பில் சில உண்மைக் கல்வெட்டுகளும் மாட்டிக்கொண்டன என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். இருந்தாலும் போலிகளை அவர் வீசி எறியவில்லை. பின்னால் அவர் தொடங்கிய லத்தீன் கல்வெட்டுப் பெருந்தொகுப்பில் எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி போட்டு அவற்றைத் தனியாக அச்சிட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. குப்பையையும் எண் போட்டு வைத்தால்தான் அடுத்தவன் அதைத் தங்கம் என்று திரும்பக் கொண்டுவரமாட்டான்.

வேலை விஷயத்தில் அவருக்கு ஆரம்பம் சுகமாக இல்லை. 1848 புரட்சிக் காலத்தில் ரெண்ட்ஸ்பூர்கில் பத்திரிகையாளராக இருந்தார். அந்த வருடமே லைப்சிக்கில் சட்டப் பேராசிரியர் பதவி கிடைத்தது. 1849-இல் லைப்சிக் இருந்த சாக்ஸனியில் நடந்த எழுச்சியின் பக்கம் நின்றதற்காக 1851-இல் அதை இழந்தார். நண்பர்கள் ஓட்டோ யான், மோரிட்ஸ் ஹௌப்ட் இருவருக்கும் அதே கதி. அடுத்த ஆண்டு சூரிக்கில் வேலை, 1854-இல் பிரெஸ்லாவ், 1858-இல் பெர்லின் அகாதெமி, 1861-இல் பெர்லின் பல்கலைக்கழகத்தில் ரோமானிய வரலாற்றுப் பேராசிரியர் பதவி. நேப்பிள்ஸ் கல்வெட்டுகளின் தொகுப்பு வெளிவந்தது 1852-இல். பதவி போன நேரத்திலும் அந்த வேலை நிற்கவில்லை.

லைப்சிக்கில் இருந்தபோது பழைய ரோமில் நிலச் சீர்திருத்தம் கொண்டுவந்த கிராக்கஸ் சகோதரர்களைப் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றினார். அதைக் கேட்ட பதிப்பாளர்கள் ரோமானிய வரலாறு எழுதித் தரச் சொன்னார்கள். அதில் ஒருவரான கார்ல் ரைமரின் மகள் மரீயை 1854-இல் மணந்தார். ஒரே சொற்பொழிவில் புத்தகமும் மாமனாரும் கிடைத்தது வேறு யாருக்கு வாய்த்திருக்கும்! பிறகு பதினாறு குழந்தைகள்.

1854 முதல் 1856 வரை மூன்று தொகுதிகள் வந்தன. சீசரின் வெற்றியோடு கதை நிற்கிறது. அடுத்தது பேரரசர்களின் காலம், அதாவது நான்காம் தொகுதி. அது வரவே இல்லை. 1885-இல் மாகாணங்களைப் பற்றிய ஐந்தாம் தொகுதி வந்தது. நான்காவது இல்லாமலேயே ஐந்தாவது!

ஏன் எழுதவில்லை என்பதற்குப் பலர் பல காரணம் சொல்கிறார்கள். 1880 ஜூலையில் சார்லோட்டன்பூர்க் வீட்டில் நேர்ந்த தீ ஒன்று. அவருடைய காகிதங்கள் மட்டும் அல்லாமல் இரவல் வாங்கிய பழைய சுவடிகளும் அதில் எரிந்தன. ஆறாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் யோர்டானெஸ் எழுதிய வரலாற்றின் ஹைடல்பெர்க் சுவடி அப்படிப் போனதுதான். அரசியல் இன்னொன்று. பிரஷ்ய சட்டமன்றம், ஜெர்மன் நாடாளுமன்றமான ரைக்ஸ்டாக் இரண்டிலும் உறுப்பினராக இருந்தார். ஜெர்மன் ஆட்சித் தலைவர் பிஸ்மார்க்கை அவதூறாகப் பேசியதாக வழக்கு வந்து விடுதலையும் ஆனார்.

என் கணக்கு வேறு. கல் அவரை விடவில்லை. லத்தீன் கல்வெட்டுகள் எல்லாவற்றையும் ஒரே தொகுப்பில் கொண்டுவரும் திட்டத்தை 1847-இலேயே அவர் எழுதிவிட்டார். அகாதெமி அதை அவரிடம் ஒப்படைக்க ஆறேழு ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. அந்தத் தொகுப்பின் முதல் தொகுதி 1863-இல் வந்தது. இன்று அதில் ஏறக்குறைய 1,80,000 கல்வெட்டுகள் இருக்கின்றன, வேலை இன்னும் பெர்லினில் நடக்கிறது. அப்படி ஒன்றைத் தொடங்கியவன் தினமும் யாரோ அனுப்பிய பிரதியைச் சரிபார்க்க வேண்டும், கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டும், பணம் கேட்டு மேலே மனு போட வேண்டும். ரோமானிய வரலாற்றை மூன்று தொகுதி எழுதிய வேகம் முப்பதுகளில் இருந்த மனிதனுடையது. அப்புறம் வந்தவர் ஒரு பெரிய அலுவலகத்தின் தலைவர். இதைத் தோல்வி என்று நான் சொல்லமாட்டேன். ஐந்தாம் தொகுதியின் மாகாணங்கள் அந்தக் கல்வெட்டுகள் இல்லாமல் பேசியிருக்காது. ஆனால் 1902-இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு வந்தபோது, பரிசுரையில் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட நூல் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுக்கு முன் எழுதிய அந்த ரோமானிய வரலாறுதான். அடுத்த ஆண்டு நவம்பரில் அவர் இறந்தார். சென்னையில் அரசின் கல்வெட்டாய்வாளராக இருந்து தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பதிப்பித்த ஹூல்ட்ஸ் ஜெர்மனியின் ஹாலெ நகருக்குத் திரும்பியதும் அதே 1903-இல்தான்.

நான்காம் தொகுதிக்கு ஒரு பின்கதை உண்டு. பேரரசர்களைப் பற்றி மொம்சன் வகுப்பில் பல முறை பேசியிருக்கிறார். 1882 முதல் 1886 வரை அந்த வகுப்புகளில் மாணவர்களுக்கு நடுவே ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் உட்கார்ந்து குறிப்பெடுத்தார். செபாஸ்டியன் ஹென்சல். இசையமைப்பாளர் ஃபானி மெண்டல்சோனின் மகன். அவருடைய மகன் பாலும் குறிப்பெடுத்தார். அந்த நோட்டுகளை 1980-இல் நியூரம்பெர்கில் ஒரு பழைய புத்தகக் கடையில் அலெக்சாண்டர் டெமாண்ட் என்ற வரலாற்றாசிரியர் கண்டெடுத்தார். 1992-இல் அவை நூலாக வந்தன.

எங்கள் சாரும் எழுதவில்லை. ஓய்வு பெற்றதும் காவிரிக் கரை ஊர்களின் தண்ணீர்ச் சண்டைகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதுவேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எந்த மடைக்கு யார் யாரோடு மோதினார்கள், எந்தச் சபை எப்படித் தீர்த்தது என்று திண்ணையில் உட்கார்ந்தால் நள்ளிரவு வரை சொல்வார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். கையில் நோட்டும் இருந்தது. போன மாதம் அந்த நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். ஊர்ப் பெயர், கல் இருக்கும் இடம், வரிகளின் எண்ணிக்கை, எத்தனை தாள் செலவானது. எல்லாம் சரியாக இருக்கின்றன.