பாதியில் விட்ட படிப்பு வீணாகாது: தென்னாப்பிரிக்காவில் கிரெடிட் மாற்றிப் பட்டம் முடிக்க

டர்பன், சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பக்கம் நம் ஆட்களில் ஒன்றிரண்டு வருஷம் கல்லூரிக்குப் போய்விட்டு, வேலை, கல்யாணம் என்று படிப்பை விட்டவர்கள் ஏராளம். அன்று பாஸ் செய்த பாடங்களுக்கு இன்றும் மதிப்பு உண்டு. அதைக் கேட்டுப் பார்க்காமல் முதல் வருஷத்துக்கே மறுபடி பணம் கட்டுகிறார்களே என்பதுதான் என் ஆதங்கம்.

கணக்கு இதுதான். ஒரு கிரெடிட் என்றால் 10 மணி நேரப் படிப்பு. இளநிலைப் பட்டத்துக்குக் குறைந்தது 360 கிரெடிட் வேண்டும். தொலைநிலையில் படிக்க வைக்கும் யூனிசாவில் (தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகம்) ஒரு மாட்யூல், அதாவது ஒரு பாடம், பெரும்பாலும் 12 கிரெடிட். ஆக 30 மாட்யூல். கட்டணமும் மாட்யூல் கணக்கில்தான். முன்பே பாஸ் செய்தவை என்று பத்து மாட்யூலுக்கு விலக்கு கிடைத்தால் ஏறக்குறைய ஒரு வருஷக் கட்டணம் மிச்சம்.

எவ்வளவு மாற்றலாம் என்பதில்தான் பலரும் குழம்புகிறார்கள். முடித்துச் சான்றிதழ் வாங்கிய படிப்பு என்றால், அதன் கிரெடிட்டில் பாதிக்கு மேல் வேறொரு பட்டத்துக்குக் கொண்டுபோக முடியாது. புதிய பட்டத்திலும் பாதிக்கு மேல் அப்படி நிரப்ப முடியாது. பாதியில் விட்ட படிப்பின் கிரெடிட்டையும் ஏற்கலாம். எத்தனை என்பதைச் சேரப்போகும் பல்கலைக்கழகம்தான் சொல்லும். கடைசி வருஷ முக்கியப் பாடங்களைத் தங்களிடமே படிக்கச் சொல்வது வழக்கம்.

360 கிரெடிட் டிப்ளமோவை முடித்தவர்கள் இங்கே நிதானிக்க வேண்டும். பட்டத்துக்கு மாறினால் குறைந்தது 180 கிரெடிட் பாக்கி நிற்கும். அதே துறையில் அட்வான்ஸ்ட் டிப்ளமோ 120 கிரெடிட்தான். பட்டத்தைப் போலவே அதுவும் தேசியத் தகுதிச் சட்டகத்தில் 7-ஆம் நிலை. அதை முடித்துவிட்டு, இளநிலைக்கு அடுத்த படிப்பான ஹானர்ஸுக்கு விண்ணப்பிக்கலாம். வேலைக்கான விளம்பரம் பட்டம்தான் வேண்டும் என்று கேட்டாலொழிய, இதுவே மேல் என்பேன்.

பழைய ரெக்கார்டு எங்கே கிடைக்கும்? எம்.எல்.சுல்தான் டெக்னிகான் (டெக்னிகான் என்றால் அன்றைய தொழில்நுட்பக் கல்வி நிறுவனம்) 2002-இல் டெக்னிகான் நடாலோடு இணைந்தது. இப்போது டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கேட்க வேண்டும். டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் 2004-இல் உருவான குவாசூலு-நடால் பல்கலைக்கழகத்தில் கேட்க வேண்டும். டெக்னிகான் எஸ்.ஏ. என்றால் யூனிசாவிலேயே. பழைய கட்டணப் பாக்கி இருந்தால் ஆவணம் கைக்கு வராமல் இழுக்கும். முதலில் அதை முடித்துவிடுங்கள்.

மார்க் பட்டியல் மட்டும் போதாது. பெரும்பாலான விண்ணப்பங்கள் தடுக்கி விழுவது பாடத்திட்டத்தில்தான். 2001-இல் படித்த புள்ளியியலுக்கு 2001-ஆம் வருஷப் பாடத்திட்டம் வேண்டும். இன்றைய இணையதளத்தில் இருப்பதை அச்செடுத்துக் கொடுத்தால் எடுபடாது. அந்த வருஷப் பாடத்திட்டத்தில் பாடக் குறியீடு, அத்தியாயத் தலைப்புகள், கிரெடிட், நிலை நான்கும் தெரிய வேண்டும். ஆனால் பழைய பாடங்கள் பலவற்றுக்குக் கிரெடிட் எண்ணே இருக்காது. அங்கே தலைப்புகள்தான் பேசும். துறை அலுவலகத்திலோ நூலகத்திலோ அந்த வருஷக் கையேட்டைக் கேளுங்கள். கணிதம், புள்ளியியல் போன்றவை எத்தனை வருஷமானாலும் ஓரளவு தாங்கும். வரிச் சட்டமும் கணினிப் பாடங்களும் பழசாகிவிட்டன என்று தள்ளப்பட வாய்ப்பு அதிகம்.

வரிசையும் முக்கியம். முதலில் சேர்க்கைக்கு விண்ணப்பம், மாணவர் எண் வந்ததும் விலக்குக்கு விண்ணப்பம், முடிவுக் கடிதம் வந்த பிறகே மாட்யூல் பதிவு. பதிவுக் கெடு நெருங்கிவிட்டால், விலக்கு கேட்காத மாட்யூல்களை மட்டும் எடுங்கள்.

இன்னொன்று. விலக்கினால் பணம் மிச்சமாகிற அளவுக்குக் காலம் மிச்சமாகாது. முதல் நிலைப் பாடம் பாஸானால்தான் இரண்டாம் நிலை, அதன் பிறகே மூன்றாம் நிலை என்று சங்கிலி போகும். வேலையோடு வருஷத்துக்கு ஐந்து மாட்யூல் என்றால் 600 மணி நேரம், வாரத்துக்குக் கிட்டத்தட்ட 12. பாக்கி 15 மாட்யூலுக்கு மூன்று வருஷம் பிடிக்கும்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று வெளிநாட்டு ஆன்லைன் பட்டத்தில் சேருமுன், அந்த நிறுவனத்துக்கு அதன் சொந்த நாட்டில் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லையென்றால் இங்கே வெளிநாட்டுச் சான்றிதழ்களை மதிப்பிடும் சாக்வா (தென்னாப்பிரிக்கத் தகுதி ஆணையம்) அதை ஏற்காது.