முடிச்சு உள்பக்கம்தான்

யாங்கோனின் தாமுவேயில் எங்கள் வீட்டில் கரண்ட் போனால், அம்மா தையல் மெஷினை விட்டுவிட்டுக் கை ஊசியோடு ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவார். நேற்றும் அப்படித்தான். பக்கத்தில் நான், டியூஷன் பிள்ளைகளுக்காகச் செல் சவ்வுப் பாடத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

சவ்வின் நடுப்பகுதி வெறும் கொழுப்பு, சுமார் 3 நானோமீட்டர். ஒரு புரதம் அதைக் கடக்க, அதிலுள்ள நீரோடு ஒட்டாத அமினோ அமிலங்கள் ஏறக்குறைய 20 சேர்ந்து சுருளாக நிற்க வேண்டும். புரதம் தயாரிக்கும் ரைபோசோமிலிருந்து வரும் புரத இழை செக்61 என்ற வாயிலுக்குள் நுழைகிறது. கொழுப்புக்கு ஒத்துப்போகும் துண்டு வந்ததும் வாயில் பக்கவாட்டில் திறந்து அதைச் சவ்வுக்குள் விடுகிறது. இதுவரை சரி. எந்த முனை உள்ளே, எந்த முனை வெளியே என்று கேட்டால்தான் பிள்ளைகள் விழிப்பார்கள்.

அம்மாவின் கையைப் பார்த்தேன். ஊசி எத்தனை முறை மேலும் கீழும் போனாலும் முடிச்சு துணியின் உள்பக்கம்தான். "வெளியே தெரிஞ்சா அசிங்கம்டி" என்றார்.

புரதத்துக்கு முடிச்சு, லைசின், ஆர்ஜினின் என்ற அமினோ அமிலங்கள். நேர்மின்னூட்டம் உள்ள இவை பெரும்பாலும் செல்லின் உள்பக்கமான சைட்டோபிளாசப் பக்கமே தங்கும். பாக்டீரியாவில் இதை 1986இல் எழுதியவர் ஸ்வீடன் விஞ்ஞானி குன்னார் வான் ஹைனே. 1989இல் அந்த மின்னூட்டங்களை மாற்றி, ஈ.கோலை என்ற பாக்டீரியாவின் ஒரு புரதத்தையே தலைகீழாகப் புகவைத்தார். என்ன குறும்பு!

கண்ணில் ஒளியை உணரும் ரொடாப்சின் என்ற புரதம் சவ்வை 7 முறை கடக்கும். அதைத் தைத்துக் காட்ட ஒரு துண்டுத் துணி கேட்டேன். "பழைய கைலியில வெட்டிக்கோ, புதுசைத் தொடாதே" என்றார் அம்மா.