சம்பள முரண்பாட்டு வழக்கு: திருமலையில் இருந்து புதுக்கடைக்குப் போகுமுன்

ஒரே ஆய்வுகூட மேசை. ஒருவர் இலங்கை விஞ்ஞான சேவை உத்தியோகத்தர். பக்கத்தில் இருப்பவர் பட்டதாரி ஆட்சேர்ப்பில் வந்து, அதே நீர் மாதிரிகளைப் பரிசோதிக்கிறார் என்று வையுங்கள். 03/2016 இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கையில் முதலாமவரின் எஸ்.எல்-1 சம்பள அளவுத்திட்டம் 47,615 ரூபாவில் தொடங்கியது. இரண்டாமவர் எம்.என்-4 அளவுத்திட்டத்தில் இருந்தால் 31,040. வித்தியாசம் 16,575, அதுவும் அடிப்படைச் சம்பளத்தில் மட்டும். (2025 ஏப்ரலில் இருந்து தொகைகள் மறுபடி மாறிவிட்டன. கணக்கு விளங்கப் பழைய அட்டவணையே போதும்.) இதைச் சொல்லித் தொழிற்சங்கக் கூட்டத்தில் கைதட்டு வாங்கலாம். கொழும்பு புதுக்கடையில் உயர் நீதிமன்றம் கேட்கப்போவது வேறு கேள்விகள்.

அந்தக் கேள்விகள் எப்படி இருக்கும் என்று பார்க்க நல்ல உதாரணம் பிரித்தானியாவில் உண்டு. அங்கே அரச விஞ்ஞானிகள், பொறியியலாளர்கள், பரிசோதகர்களின் சங்கம் புரோஸ்பெக்ட். வேலைத்தலச் சுகாதாரத்தையும் பாதுகாப்பையும் கண்காணிக்கும் அரச நிறுவனத்தில் பரிசோதகராக இருந்த கேட்மன் என்ற பெண், சங்கத்தின் துணையோடு 2001 இல் வழக்கு வைத்தார். 2000/2001 நிதியாண்டில் அவருக்கு 35,129 பவுண். அதே தரத்தில் இருந்த நான்கு ஆண்களுக்கு 39,125 முதல் 44,183 வரை. நிறுவனம் சொன்ன காரணம் ஒன்றுதான்: அவர்களுக்குச் சேவைக்காலம் கூட. ஐரோப்பிய நீதிமன்றம் 2006 ஒக்டோபர் 3 அன்று தந்த தீர்ப்பு இரண்டு பக்கமும் வெட்டியது. சேவைக்காலத்துக்குச் சம்பளம் கூட்டுவதை முதலாளி பொதுவாக நியாயப்படுத்தத் தேவையில்லை. ஆனால் அந்தப் பதவியில் அது பொருந்துமா என்று பாரதூரமான ஐயத்தை ஊழியர் ஆதாரத்தோடு எழுப்பினால், நிரூபிக்கும் பொறுப்பு முதலாளிக்கு மாறும்.

அந்த ஐயத்தை எழுப்பிக் காட்டியது அதே நிறுவனத்தின் இன்னொரு பரிசோதகரான வில்சனின் வழக்கு. சம்பள ஏற்றம் பத்து வருடம் ஓடியது. வேலையில் அனுபவம் வித்தியாசம் காட்டுவதோ முதல் ஐந்து வருடம்தான் என்று தீர்ப்பாயம் கண்டது. 2009 இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்திலும் வில்சன் பக்கமே வென்றது. அந்தப் பழைய அட்டவணையில் எங்கள் எஸ்.எல்-1 இல் 10, 8, 17 என்று மூன்று கட்டமாக 35 வருடாந்த ஏற்றங்கள். 35 ஆவது வருட அனுபவம் 34 ஆவதை விட 2,170 ரூபா பெறுமா என்று இங்கே எந்தச் சங்கமும் கேட்டதாகத் தெரியவில்லை. எல்லாரும் ஒருநாள் அந்த நுனிக்குப் போகலாம் என்ற நப்பாசையோ என்னவோ.

பிரித்தானியச் சட்டத்தில் ஒப்பிடும் ஆள் எதிர்ப்பாலாராக இருக்க வேண்டும். ஆனால் வேலையில் இருக்கும்வரை எப்போதும் வழக்கு வைக்கலாம், விட்டுப் போனாலும் ஆறு மாதம் உண்டு. எங்கள் அரசியலமைப்பின் 12(1) ஆம் உறுப்புரை சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்கிறது. ஆண், பெண் என்று காட்ட வேண்டியதில்லை. ஆனால் அடிப்படை உரிமை மனுப் போட 126(2) தருவது ஒரே ஒரு மாதம். இங்கே நல்ல வழக்குகள் தோற்கும் இடம் இதுதான்.

மாதம் எந்த நாளில் தொடங்குகிறது? உங்களை இன்ன அளவுத்திட்டத்தில் வைத்த கடிதம் கைக்கு வந்த நாளில். சங்கம் வழக்கமாகச் செய்வது: செயலாளருக்கு மேன்முறையீடு, பதில் இல்லை, நினைவூட்டல், அமைச்சரோடு சந்திப்பு, குழு அமைப்பதாக வாக்குறுதி. இரண்டு வருடம் கழித்து "ஆவன செய்ய முடியாது" என்று ஒரு வரிக் கடிதம். அந்தக் கடிதத்தில் இருந்து புது மாதம் தொடங்கும் என்று நம்பிப் போனால், பழைய முடிவையே மறுபடி சொல்லியிருக்கிறார்கள் என்று சட்டமா அதிபர் தரப்பு பூர்வாங்க ஆட்சேபனை எழுப்பும். ஒவ்வொரு மாதச் சம்பளமும் தொடர் மீறல் என்று வாதாடலாம்தான். அதை மட்டும் நம்பிக் கிளம்பக் கூடாது.

கடிகாரத்தை நிறுத்த ஒரு வழி உண்டு. 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 13(1) ஆம் பிரிவின்படி, அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. திருகோணமலையிலேயே பிராந்திய அலுவலகம் இருக்கிறது. முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டுப் பற்றுச்சீட்டோடு திரும்புவது போதாது. விசாரணை நடக்கிறது என்று காட்ட ஆவணம் வேண்டும்: அழைப்புக் கடிதம், எதிர்த்தரப்பிடம் அறிக்கை கோரிய கடிதம், திகதி. பற்றுச்சீட்டை மட்டும் இணைத்த மனுக்கள் காலங்கடந்தவை என்று தள்ளுபடியாகியிருக்கின்றன.

ஆதாரம் சேர்க்க 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் கைகொடுக்கும், முந்தியே பாவித்தால். தகவல் அலுவலர் முடிவு சொல்ல 14 வேலை நாட்கள். சனி, ஞாயிறு, போயா கழித்தால் ஏறக்குறைய மூன்று வாரம். தருவதாக முடிவு செய்த பிறகும் தருவதற்கு இன்னும் 14 நாள். இந்தச் சட்டம் 126 இன் கடிகாரத்தை நிறுத்தாது. ஆகவே சம்பள மீளமைப்பு வருகிறது என்ற பேச்சு அடிபடும்போதே விண்ணப்பம் போக வேண்டும். கேட்க வேண்டியவை இரண்டு சேவைகளினதும் சேவைப் பிரமாணக் குறிப்பு, ஆட்சேர்ப்புத் திட்டம், கடமைப் பட்டியல், அளவுத்திட்டத்தைத் தீர்மானித்த சம்பள ஆணைக்குழுவின் பரிந்துரை. பக்கத்து மேசைக்காரரின் சம்பளச் சிட்டையைக் கேட்காதீர்கள். அது தனிப்பட்ட தகவல் என்று மறுக்க இடம் கொடுக்கும். பதவிக்குரிய அளவுத்திட்டமே போதும்.

ஒப்பிடும்போது பதவிப் பெயரை நம்ப வேண்டாம். கேட்ட தகைமை, எடுத்த முறை, தீர்மானம் எடுக்கும் பொறுப்பு, இடமாற்றத்துக்கு உட்படுதல் ஆகிய நான்கையும் பக்கம் பக்கமாக எழுதிப் பாருங்கள். ஒருவர் போட்டிப் பரீட்சை எழுதி வந்தவர், மற்றவர் அப்படியல்ல என்றால், வகைப்படுத்தல் நியாயமானது என்ற எதிர்த்தரப்பு வாதம் அங்கேயே நிலைத்துவிடும். மேசையில் செய்யும் வேலை ஒன்றுதான் என்றால், ஆய்வறிக்கையில் யார் கையொப்பமிடுகிறார் என்பதுகூட முக்கியம். கீழ்த்தரத்தில் இருப்பவர் கையொப்பமிட்ட அறிக்கைகள் இருந்தால் அவைதான் உங்கள் கையில் இருக்கும் மிகப் பலமான காகிதம். இன்னொரு பொறி: யாரோ ஒருவருக்குத் தவறுதலாகக் கூட்டிக் கொடுத்ததைக் காட்டி "எனக்கும் தா" என்று கேட்பது. பிழையில் சமத்துவம் கிடையாது என்பது எங்கள் நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொன்னது.

திருமலைக்கே உரிய சிக்கலும் உண்டு. கிழக்கு மாகாணத் தலைமையகம் இங்கே இருப்பதால் ஒரே ஊரில் மூன்று வகை விஞ்ஞான உத்தியோகத்தர்: மத்திய திணைக்களம், மாகாணத் திணைக்களம், நியதிச் சட்ட சபை (தனிச் சட்டத்தால் அமைந்த அரச சபை). சபைக்காரரின் சம்பளம் பொது நிர்வாகச் சுற்றறிக்கையில் வராது. திறைசேரியின் முகாமைத்துவ சேவைகள் திணைக்களச் சுற்றறிக்கையில் வரும். அவர்களுக்குக் கைத்தொழில் பிணக்குகள் சட்டமும் பொருந்தும். அரசாங்கமே முதலாளி என்றால் அந்தச் சட்டம் பொருந்தாது. மாகாண அதிகாரி எடுத்த முடிவை அரசியலமைப்பின் 154P(4) இன் கீழ் எழுத்தாணை (ரிட்) கேட்டு இங்குள்ள மாகாண மேல் நீதிமன்றத்திலேயே எதிர்க்கலாம். அடிப்படை உரிமை மீறல் என்றால் கொழும்புதான். நிர்வாக மேன்முறையீட்டு நியாயசபைக்கு அளவுத்திட்டப் பிரச்சினையைக் கொண்டுபோவது வீண் அலைச்சல். அது பார்ப்பது அரசாங்க சேவை ஆணைக்குழுவின் முடிவுகளை. அளவுத்திட்டம் அமைச்சரவை, திறைசேரி வழியாக வருவது.

சங்கம் மட்டும் மனுதாரராக நிற்காமல், வெவ்வேறு தரங்களில் உள்ள மூன்று, நான்கு அங்கத்தவரையும் சேர்ப்பது நல்லது. நிவாரணப் பந்தியில் "மனுதாரருக்கும் அதே நிலையில் உள்ள ஏனையோருக்கும்" என்று இல்லாவிட்டால், வென்றாலும் அந்த நாலு பேருக்கு மட்டும் சம்பளம் மாற்றிவிட்டுக் கோவையை மூடிவிடுவார்கள்.

மனுவோடு போகும் சத்தியக்கடதாசியைச் சமாதான நீதவானிடம் கொண்டுபோகுமுன் ஒருமுறை வாசியுங்கள். இந்துவும் முஸ்லிமும் உறுதியுரைப்பவர், கிறிஸ்தவர் சத்தியம் செய்பவர். ஒரே மாதிரிப் படிவத்தில் பெயரை மட்டும் மாற்றினால் இது பிழையாகிவிடும். ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் தமிழில் விளக்கப்பட்டது என்ற வரி அடியில் இருக்க வேண்டும். மாகாண அலுவலகத்தின் தமிழ்க் கடிதங்களுக்குச் சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஆங்கில மொழிபெயர்ப்பு தேவை. அதற்கு ஒரு வாரம் போகும், அந்த வாரமும் அதே ஒரு மாதத்துக்குள்தான்.