தீர்மானம் ஜெயித்தது, அப்புறம்?

ஹூஸ்டனில் என்னோடு வேலை பார்க்கும் லாகூர்க்காரர் ஒருவர், 2024 கோடையில் தன் தொகுதியின் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) உறுப்பினரின் அலுவலகத்துக்கு விடாமல் போன் செய்துகொண்டிருந்தார். அந்த ஆண்டு பிப்ரவரி 8 அன்று நடந்த பாகிஸ்தான் தேர்தலின் முறைகேட்டுப் புகார்களை முழுமையாக விசாரிக்கச் சொல்லும் 901ஆம் தீர்மானத்துக்கு ஆதரவு கேட்டுத்தான். இப்படிப் பல மாநிலங்களிலும் பாகிஸ்தானிய அமெரிக்கர்கள் கேட்டார்கள். ஜூன் 25 அன்று பிரதிநிதிகள் சபையில் ஆதரவு 368, எதிர்ப்பு 7. லாகூர்க்காரர் எங்கள் அலுவலகத்தில் இனிப்பு கொடுத்தார். மூன்றே நாளில் பாகிஸ்தான் தேசிய சபை அதைக் கண்டித்துப் பதில் தீர்மானம் போட்டது.

ஆனால் அந்தத் தீர்மானம் அமெரிக்க அரசைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது. 2025 மார்ச்சில் காங்கிரஸ் உறுப்பினர்கள் ஜோ வில்சனும் ஜிம்மி பனெட்டாவும் பாகிஸ்தான் ராணுவத் தளபதி ஆசிம் முனீர் மீது தடை கோரி ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். ஜூன் 18 அன்று அதே முனீருக்கு வெள்ளை மாளிகையில் டிரம்ப் மதிய விருந்து வைத்தார். அந்தத் தேர்தலில் முறைகேடு நடந்ததாகச் சொல்லும் கட்சியின் தலைவர், முன்னாள் பிரதமர் இம்ரான் கான் அப்போதும் சிறையில்தான்.

பனிப்போர் காலத்திலிருந்தே வாஷிங்டன் பேசிப் பழகியது, பாகிஸ்தான் ராணுவத் தலைமையகம் இருக்கும் ராவல்பிண்டியின் தளபதிகளோடு. 2011இல் அபோத்தாபாத்தில் பின்லேடனை அமெரிக்கப் படை கொன்றது, 2018இல் பாகிஸ்தானுக்கான அமெரிக்கப் பாதுகாப்பு உதவி நிறுத்தம் என்று எத்தனை கசப்பு வந்தாலும் அந்த வழி அடைபடவில்லை. வாக்காளர்களின் போன் அழைப்பு காங்கிரஸ் வரை எட்டுகிறது. தளபதிகளுக்கு வெள்ளை மாளிகைக் கதவே திறக்கிறது. இது எனக்குக் கோபம்தான் தருகிறது. இங்கே குரல் கொடுப்பவர்கள் சிலரின் உறவினர்களை அங்கே பிடித்துக்கொண்டு போவதாகப் புகார்கள் உண்டு. அதைப் பற்றியாவது அந்த விருந்து மேசையில் டிரம்ப் கேட்டிருக்க வேண்டும்.