இருமல் இல்லாதவர்களுக்கும் சீட்டு வாங்கிய அனுபவம்

வீட்டில் ஒருவருக்குக் கக்குவான் இருமல் என்று உறுதியானால், இருமாதவர்கள் உட்பட வீட்டிலுள்ள அனைவருக்கும் உடனே மருந்து தொடங்க வேண்டும். இதை ஓபி சீட்டு கொடுக்கும் ஊழியருக்குப் புரியவைக்க நாங்கள் பட்ட பாடு இன்னும் ஆறவில்லை.

பிரசவத்துக்காக வலங்கைமான் பக்கத்திலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்த தங்கையின் குழந்தைக்கு, ஆறாவது வாரத்தில் போடும், கக்குவான் உட்பட ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசியின் முதல் தவணைக்கு முன்பே நோய் தொற்றிவிட்டது. இருமலோ, இருமிய பின் மூச்சை இழுக்கும்போது வரும் கூவும் ஒலியோ இல்லை. பால் குடிக்கும்போது மூச்சு நின்று உதடு நீலம் பாரித்தது. கைக்குழந்தைகளுக்கு இப்படியும் வரும் என்பதை அறிந்து, உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். தஞ்சாவூரில் சேர்த்தோம், பிழைத்துக்கொண்டான்.

சம்பா அறுவடையின்போது களத்தில் நின்றதிலிருந்து அப்பா இருமிக்கொண்டே இருந்தார். கடைத்தெரு மருத்துவர் நெல் தூசியால் வந்த ஒவ்வாமை என்று சொல்லி, இருமல் மருந்து மட்டும் எழுதிக் கொடுத்திருந்தார். இரவில் விடாமல் இருமி, முகம் சிவந்து, வாந்தி எடுத்த பிறகே அவருக்கு ஓயும். வாரக்கணக்கில் நீடித்து வாந்தியில் முடியும் இருமலைத் தூசி என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். சிறுவயதில் போட்ட ஊசியின் பாதுகாப்பு ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைந்துவிடுவதால் பெரியவர்களுக்கும் இந்நோய் வரும்; சாதாரணச் சளி போலத் தோன்றும் முதல் ஓரிரு வாரங்களில்தான் அது மிக வேகமாகப் பரவும். தடுப்பாற்றல் இல்லாதவர்கள் ஒரே வீட்டில் இருந்தால் அவர்களில் 80 விழுக்காட்டினருக்கும் மேல் தொற்றக்கூடும் என்று குழந்தை மருத்துவர் விளக்கினார்.

வீட்டிலுள்ள அனைவருக்கும் அசித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் கொடுக்கும்படி அவர் எழுதிய தாளுடன் ஊர் பக்கத்து அரசு மருத்துவமனைக்குச் சென்றோம். "இருமலே இல்லாதவங்களுக்கு எதுக்குச் சீட்டு? இருமல் வந்தா வாங்க" என்று சன்னலுக்குள்ளிருந்தே திருப்பி அனுப்பிவிட்டார்கள். நோயாளிக்கு இருமல் தொடங்கிய 21 நாட்களுக்குள் கொடுத்தால்தான் தடுப்பு மருந்தால் பயன் மிகுதி என்பதால், அங்கே வீணான ஒவ்வொரு பொழுதும் எங்களுக்குப் பதைப்பாக இருந்தது. மறுபடி சென்றபோது என் மகனின் தடுப்பூசி அட்டையைக் கேட்டார்கள்; அது கிடைக்கவில்லை. கிராம சுகாதாரச் செவிலியர் தம் பதிவேட்டைப் புரட்டி, ஐந்து வயது ஊக்க ஊசி விடுபட்டிருப்பதைக் கண்டுபிடித்ததோடு, வட்டார சுகாதார ஆய்வாளருக்கும் தொலைபேசியில் சொன்னார். அன்று மாலையே மாத்திரைகள் வீடு தேடி வந்தன. சன்னலில் மன்றாடுவதைவிட முதலில் செவிலியரிடம் செல்லுங்கள்.

அப்பாவின் பரிசோதனை மாதிரியைத் தொண்டையில் பஞ்சுக்குச்சியால் எடுத்து அனுப்பியதால் ஆய்வகம் ஏற்கவில்லை. மூக்கு வழியாக ஆழத்தில், அதற்கென உள்ள குச்சியால், இயன்றவரை மருந்து தொடங்கும் முன்பே எடுக்கச் சொல்லுங்கள். ஆனால் முடிவு வரட்டும் என்று மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஐந்து நாள் மருந்து முடியும்வரை மகனைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. அப்பாவின் இருமல் அதன் பிறகும் நெடுநாள் நீடித்தது என்றாலும், மருந்தை முழுமையாக முடித்தவரிடமிருந்து நோய் பரவாது. அடுத்த வீட்டுக் கர்ப்பிணிப் பெண்ணுக்கு அரசு போட்ட, டெட்டனஸ், டிப்தீரியா இரண்டையும் மட்டும் தடுக்கும் டிடி ஊசியில் கக்குவானுக்கான பாதுகாப்பு இல்லை என்று அறிந்ததும், 27 முதல் 36 வாரங்களுக்குள் போட வேண்டிய, கக்குவானையும் சேர்த்துத் தடுக்கும் டிடாப் ஊசியைக் கும்பகோணத்தில் பணம் கட்டிப் போட ஏற்பாடு செய்தோம்.